அந்தப் புறத்தில் இருக்கிறேன்

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நடந்தது எல்லாம் ஞாபகம் இருக்கிறது, அதில் தப்பு வராது. எழுதும்போதுதான் வரும். ஏழாம் வகுப்பில் பாதியில் நின்றவள் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இந்தக் கதையோ ஒரே ஒரு சின்ன ர-வின் மேல் நிற்கிறது. அது சாய்ந்தால் கதை சாய்ந்துவிடும். என் வேலையும் சேர்ந்து சாய்ந்துவிடும்.

முதலில் என் வீட்டுக்காரரைச் சொல்லிவிடுகிறேன். பெயர் சின்னப்பையன். வயது அறுபத்தொன்று. ராயப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் முப்பத்திரண்டு வருஷம் பிழை திருத்தும் வேலை பார்த்தார். அவர் பெயரின் நடுவில் ஒரு ப் வரும். அதை விட்டுவிட்டு ‘சின்னபையன்’ என்று எழுதிக் கல்யாணப் பத்திரிகை வந்தால் அந்தக் கல்யாணத்துக்குப் போக மாட்டார். அந்த ஒரு புள்ளியால் நாங்கள் சாப்பிடாமல் விட்ட விருந்துகள் நிறைய.

அவருக்கு ஒரு தொழில் கொள்கை உண்டு. “பிழை திருத்துகிறவன் எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். பொருளைப் படிக்கக் கூடாது. பொருளில் மனம் போனால் எழுத்து தப்பி ஓடிவிடும்” என்பார். வாய்ப்பேச்சு இல்லை, அப்படியே நடப்பார். ஓய்வு பெறும்போது அச்சகத்தில் அவருக்குப் பிரிவு விழா வைத்தார்கள். அந்த நோட்டீசைத் திருத்திக் கொடுத்தவரே அவர்தான். இரண்டு பிழை எடுத்தார். வழக்கம்போல் கீழே ‘பார்த்தேன், சின்னப்பையன்’ என்று கையெழுத்துப் போட்டார். விழா அன்று நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து காபி கேட்டார். அங்கே மாலையை வைத்துக்கொண்டு அத்தனை பேரும் அவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அது ஆகிப் பதினான்கு மாதம். மந்தைவெளியில் எங்கள் வீடு ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும். அதற்குள் அவரும் அவருடைய சிவப்புப் பேனாவும் நானும். மளிகைச் சீட்டைத் திருத்துவார். காலண்டரில் ராசிபலனைத் திருத்துவார். வெளியே போனால் போனை எடுக்க மாட்டார். “எழுதி அனுப்பு. எழுதினால்தான் பழகும்.” கறிவேப்பிலை வாங்கி வரச் சொல்லி எழுதி அனுப்புவேன். கறிவேப்பிலை வராது. திருத்தம் வரும்.

என் பெயரையும் விடவில்லை. நான் தேவானை. அது கொச்சையாம், தெய்வயானைதான் சரியாம். ரேஷன் கார்டில் தெய்வயானை என்று மாற்றி வாங்கிவிட்டார். பள்ளிக்கூடச் சான்றிதழில் நான் இன்னமும் தேவானைதான். முருகனுக்கு வள்ளியும் தெய்வானையும். இவருக்குத் தேவானையும் தெய்வயானையும். இரண்டுக்கும் சேர்த்து முட்டி வலிக்கிறது எனக்கு.

எங்கள் வீட்டுக்குக் கீழே ஜஹனாரா இருக்கிறாள். அடையாற்றங்கரையில் செண்பக மகால் என்று பழைய ஜமீன் அரண்மனை ஒன்று இருக்கிறதே, தோட்டம், குளம், இரண்டு மியூசியம் எல்லாம் உண்டு, அங்கே டிக்கெட் கவுண்டரில் வேலை. ஒருநாள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது சொன்னாள்.

“தேவானைக்கா, மகால்ல ஒரு ஆள் தேவைப்படுது. அந்தப்புரத்துல உக்கார.”

“எந்தப் பக்கம்?”

“பக்கம் இல்லக்கா. அந்தப்புரம். ராணிங்க இருந்த எடம். இப்ப அது பொம்பளைங்க மியூசியம். சேர் போட்டு உக்காந்துகினு, தொடாதீங்க தொடாதீங்கன்னு சொல்லணும். அவ்ளோதான் வேல.”

“உக்காந்துகினா?”

“காலைலேர்ந்து சாயங்காலம் வரிக்கும்.”

காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு நாற்காலி. அதுவும் என் வீட்டில் இல்லாத நாற்காலி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“எங்க வீட்டுக்காரரு வுட மாட்டாரு, ஜஹனாரா.”

“கேட்டுப் பாருங்கக்கா.”

“போன வருஷம் கேட்டேன்.”

போன வருஷம் பக்கத்துத் தெருவில் ஒரு நர்சரி பள்ளிக்கு ஆயா வேலைக்கு மனு எழுதினேன். திருத்தித் தருகிறேன் என்று வாங்கினார். சிவப்பாகத் திரும்பி வந்தது. மறுபடி எழுதினேன். நாலாவது தடவை சிவப்பு குறைந்தபோது தேதி முடிந்துவிட்டது. “பிழையோடு போய் நாலு பேர் முன் தலைகுனிவதைவிடப் போகாமல் இருப்பதே மேல்” என்றார். நான் சமையல்கட்டுக்குப் போனேன். அடுப்பில் பால் இருந்தது.

இந்த முறை சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். நேர்முகம் புதன்கிழமை பதினொரு மணிக்கு. ஆனால் நான் தனியாக அடையாறு வரை போனால் எங்கே, ஏன், எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் பிழை வரும். அதனால் அவரையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். எப்படி என்பதுதான் தெரியவில்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஜஹனாரா பாத்திரம் திருப்பித் தர மேலே வந்தாள். வாசலில் நின்றபடி, என்னைப் பார்க்காமல், அவர் காதில் விழும்படி பேசினாள்.

“மகால்ல போர்டெல்லாம் புதுசா வெச்சிருக்காங்கக்கா. ஒரே தப்பு தப்பா கீதாம். பாக்கறவங்கல்லாம் சிரிக்கிறாங்க.”

உள்ளே செய்தித்தாள் மடங்கும் சத்தம் கேட்டது.

“எத்தனை பலகைகள் இருக்கும்?” என்றார்.

“எரநூறு இருக்கும் சார். தோட்டத்துல செடிக்குச் செடி வெச்சிருக்காங்க.”

அவர் எழுந்து போய்ச் சிவப்புப் பேனாவை உதறிப் பார்த்தார். “தெய்வயானை, நாளை காலை நாம் அரண்மனைக்குச் செல்கிறோம்” என்றார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னை எங்கேயாவது தானாக அழைத்துப் போவது அதுதான் முதல் தடவை.

மறுநாள் பத்து மணிக்கு மகால் வாசலில் நின்றோம். சிவப்புக் கட்டடம், வெள்ளைத் தூண்கள். வலது பக்கம் ஆயுத மியூசியம். இடது பக்கம் தோட்டமும் குளமும். குளத்துக்கு அந்தப் பக்கம் செடிகள் வைத்த ஒரு கண்ணாடி வீடு. அந்தப்புரம் பின்கட்டில், மாடியில். அவர் எதையும் பார்க்கவில்லை. வாசல் பலகையைப் பார்த்தார்.

“‘பூக்களை பரிக்காதீர்.’ இரண்டு சொல், இரண்டு பிழை. எழுதிக்கொள்.”

நோட்டும் பென்சிலும் என் கையில். அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும், நான் எழுதியதையும் அவர் திருத்த வேண்டும். ஆயுத மியூசியத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு வாள் தொங்கியது. எல்லோரும் வாளைப் பார்த்தார்கள். இவர் அதன் கீழே இருந்த அட்டையைப் பார்த்தார்.

“‘ஜமீன்தாரின் போர்வால்’ என்று போட்டிருக்கிறார்கள். ஜமீன்தார் வாலைச் சுழற்றிக்கொண்டா போருக்குப் போனார்?”

பக்கத்தில் நின்ற குடும்பம் மெல்ல நகர்ந்துபோனது. ஒரு மணி நேரத்துக்குப் பக்கமாக அந்தக் கூடத்தில் நின்றோம். முட்டி இரண்டும் தனித்தனியாக வலித்தன. பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

“இன்னாங்க, பாத்ரூம் போய்ட்டு வரேன்.”

“கழிப்பறை. நடுவில் ப் உண்டு. பெரிய ற.”

“சரிங்க.”

நோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுப் படி ஏறினேன். அந்தப்புரத்தில் ஜொவிட்டா மேடம் உட்கார்ந்திருந்தார். பெண்கள் மியூசியத்துக்கு அவர்தான் பொறுப்பு. சின்ன மேசை, பக்கத்தில் ராணியின் ஊஞ்சல், பல்லக்கு, பித்தளைத் தொட்டில்.

“யாராவது அந்த ஊஞ்சல்ல உக்காந்துட்டா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார்.

“ஒண்ணும் சொல்ல மாட்டேன் மேடம். முட்டி வலியோட நானே உக்காரலியே, நீ எப்படி உக்காந்தேன்னு ஒரு பார்வ பாப்பேன்.”

“பாத்தா எழுந்துடுவாங்களா?”

“எங்க வீட்டுக்காரரு எழுந்துக்க மாட்டாரு. மத்தவங்க எழுந்துடுவாங்க.”

அவர் சிரித்தார். அப்போது என் போன் அதிர்ந்தது. அவரிடமிருந்துதான். ‘எங்கே?’ என்று ஒரே சொல்.

பொய் எழுத எனக்குப் பயம். உண்மையை எழுதவும் பயம். எதிரே கதவுக்கு மேல் இந்த அறையின் பெயர்ப்பலகை இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். ‘அந்தப்புரத்தில் இருக்கேன்.’ என் வாழ்நாளில் ர, ற தப்பாமல் நான் அனுப்பிய செய்தி அதுதான் என்று நினைக்கிறேன்.

பதில் உடனே வந்தது. ‘புறத்தில். பெரிய ற. இருக்கிறேன் என்று எழுது. வருகிறேன்.’

வருகிறேன் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் ஆயுத மியூசியத்திலிருந்து வெளியே வந்தார். இந்தப் பக்கம் திரும்பவில்லை. குளத்தையும் அதற்கு அந்தப் பக்கம் இருந்த கண்ணாடி வீட்டையும் பார்த்தார். கையில் நோட்டோடு விறுவிறுவென்று குளத்தைச் சுற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

அந்தப்புரத்தில் இருக்கிறேன் என்று நான் எழுதினேன். அந்தப் புறத்தில், அதாவது அந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்று அவர் திருத்திக்கொண்டார். நான் என்ன செய்வது?

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு செய்தி. ‘எந்தப் புறம்?’

‘அந்தப்புரம்.’

‘ற. எத்தனை முறை சொல்வது?’

கண்ணாடி வீட்டில் நான் இல்லை என்றதும் குளத்தைச் சுற்றி இந்தக் கரைக்கு வந்தார். மறுபடி அந்தக் கரைக்குப் போனார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாவமாகத்தான் இருந்தது. நல்லவேளை, வழியெல்லாம் செடிப் பலகைகள். ஒவ்வொன்றிலும் நின்று நின்று போனார்.

இங்கே ஜொவிட்டா மேடம் என் சான்றிதழையும் ரேஷன் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல தேவானை. இதுல தெய்வயானை. இது ரெண்டு பேரா?”

“ஒருத்திதான் மேடம். எங்க வீட்டுக்காரரு பேரத் திருத்திட்டாரு.”

“எனக்கு உங்களைப் புடிச்சிருக்கும்மா. ஆனா ரெண்டு பேருக்கு ஒரு வேலை குடுக்க முடியாது. வீட்டுக்காரர் வந்திருக்காரா?”

“வந்துருக்காரு. கொளத்தச் சுத்திகினு கீறாரு.”

“ரெண்டும் ஒருத்தர்தான்னு ஒரு கடிதம் அடிச்சுத் தரேன். அவர் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. ஒரு மணிக்கு லிஸ்ட்டை மூடிடுவேன்.”

கடிதத்தை அடித்துக் கொடுத்தார்கள். மணி பன்னிரண்டே கால். அந்தத் தாளோடு படி இறங்கினேன். வேலைக்கு விடாத மனுஷனிடமே போய் வேலைக்குக் கையெழுத்து வாங்க வேண்டும். வேண்டாம், வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். வீட்டை நினைத்ததும் மேலே நடந்தேன்.

கண்ணாடி வீட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கோபம் வந்தால் அவருக்கு இலக்கணம் போய்விடும்.

“இன்னாடி நெனச்சிகினு கீறே? மூணு ரவுண்டு வந்தேன். எங்க போன?”

“அந்தப்புரத்துலதாங்க இருந்தேன்.”

“அந்தப் புறம் இதான். நான் இங்கதான் கீறேன்.”

“நீங்க இந்தப் பக்கம் வந்துட்டா, நான் இருந்தது அந்தப் பக்கந்தானே.”

அவர் யோசித்தார். இலக்கணப்படி அதில் பிழை இல்லை. தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்தார்.

“கையில் என்ன தாள்?” இலக்கணம் திரும்பி வந்துவிட்டது.

“ஆபீஸ் மேடம் குடுத்தாங்க. நீங்க இதப் பாத்து கீழ கையெழுத்துப் போடணுமாம்.”

“நானா? நான் வந்திருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?”

“கொளத்தச் சுத்திகினு கீறாருன்னு நாந்தான் சொன்னேன். அவரு கையெழுத்துதான் வேணும்னாங்க.”

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பேனாவைத் திறந்தார்.

அந்தத் தாளில் இருந்தது இவ்வளவுதான்: ‘என் மனைவியாகிய தேவானை என்பவரும் தெய்வயானை என்பவரும் ஒறுவரே என்று உறுதியளிக்கிரேன்.’

“ஒறுவரே” என்றார். “ஐயோ பாவம்.” பெரிய ற-வை அடித்துச் சின்ன ர போட்டார். “உறுதியளிக்கிரேன். இவர்களிடம் அரண்மனையைக் கொடுத்திருக்கிறார்கள்.” சின்ன ர-வை அடித்துப் பெரிய ற போட்டார். பிறகு பேனா பின்னால் போனது. ‘தெய்வயானை’ என்ற இடத்தில் நின்றது.

பெஞ்சுக்குப் பின்னால் தோட்டக்காரர் ரப்பர் குழாயை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“பரவாயில்லை. இந்தப் பெயரையாவது ஒழுங்காக எழுதத் தெரிந்திருக்கிறது” என்றார்.

கீழே ‘பார்த்தேன், சின்னப்பையன்’ என்று கையெழுத்துப் போட்டார். ப்-க்குப் புள்ளி அழுத்தமாக வைத்தார்.

மேலே ஜொவிட்டா மேடம் சிவப்பு மையைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அது என்னம்மா, ‘பார்த்தேன்’னு போட்டிருக்காரு?”

“ரெண்டு பேரையும் பாத்தேன், ஒருத்திதான்னு சொல்றாரு மேடம்.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஊஞ்சலில் உட்கார்ந்தவர்களை நான் பார்ப்பேன் என்று சொன்னேனே, அந்த மாதிரிப் பார்வை. பிறகு தாளை ஃபைலில் வைத்தார். மணி ஒன்றுக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.

ஒரு வாரத்தில் தபால் வந்தது. அவர்தான் பிரித்தார். பேனாவை எடுத்து ஓரிடத்தில் சுழித்தார், கீழே ‘பார்த்தேன்’ போட்டார், அலமாரியில் வைத்துவிட்டார். மூன்று நாள் அது அங்கேயே கிடந்தது. வேலையில் சேர வேண்டிய தேதி தாண்டிவிடுமோ என்று பயந்து கடைசியில் நானே கேட்டேன்.

“இன்னாங்க, அந்த லெட்டர்ல இன்னா போட்டுருந்தான்?”

“ஒரு பிழைதான். ‘பணியில் சேற’ என்று பெரிய ற போட்டிருந்தான்.”

“யாரு சேரணுமாம்?”

அவர் என்னைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். எழுந்து போய்க் கடிதத்தை எடுத்து, இந்த முறை பொருளைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் உதடு அசைந்தது. பழக்கம் இல்லை பாவம்.

“உனக்கா?” என்றார். “அரண்மனையிலா? எப்படி?”

“உங்க கையெழுத்தப் பாத்துதாங்க குடுத்தாங்க. அது இல்லேன்னா கிடைச்சிருக்காதுன்னு மேடமே சொன்னாங்க.”

கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். சாயங்காலத்துக்குள் மந்தைவெளி முழுக்கத் தெரிந்துவிட்டது. அவருடைய தமிழ்ப் பணியைப் பார்த்து வியந்துபோன அரண்மனை, அவருக்குக் கைம்மாறாக அவர் மனைவிக்கு வேலை கொடுத்துவிட்டது. ஜஹனாரா இதைக் கேட்டுவிட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது நான் வேலைக்குப் போய் ஒன்பது வாரம் ஆகிறது. தினமும் அவரே பஸ் ஏற்றிவிடுகிறார். அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இது உட்கார்ந்த அலுப்பு. மத்தியானம் ஒரு தடவை ‘எங்கே?’ என்று கேட்பார். அந்தப்புரத்தில் என்று எழுதுவேன். ‘ற’ என்று பதில் வரும். கூட்டம் இல்லாத நேரத்தில் ஊஞ்சலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதினேன். வாரப் பத்திரிகைக்கு அனுப்பச் சொன்னாள் ஜஹனாரா. அனுப்பச் சொன்னவளே, “அக்கா, அச்சுல வந்தா சார் பாத்துடுவாரே” என்றும் சொன்னாள். மறுபடி சோறு இறங்கவில்லை.

யோசித்து யோசித்து, நேற்று இதுவரை எழுதியதை எல்லாம் அவரிடமே கொடுத்துவிட்டேன்.

“பிழை பாத்துக் குடுங்க.”

முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் பார்த்தார். நான் சமையல்கட்டில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓரிடத்தில் “ம்” என்றார். எனக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. “கறிவேப்பிலைக்கு ற சரியாகப் போட்டிருக்கிறாய்” என்றார்.

மொத்தம் நாற்பத்தொரு பிழை. ஒவ்வொரு தாளின் கீழும் ‘பார்த்தேன், சின்னப்பையன்’. நாளைக்குக் கேட்டால், நீங்கள் பார்த்து அனுப்பியதுதானே என்று காட்டலாம். அந்தத் தாள்களை அரிசி டப்பாவுக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, வேறு தாளில் பார்த்து எழுதியிருக்கிறேன். இந்தக் கடைசி வரிகளை மட்டும் அவர் பார்க்கவில்லை. பிழை இருந்தால் மன்னிக்க வேண்டும்.

இன்னொன்று. கதை முழுக்க இருந்த அந்தப்புரத்தை எல்லாம் அவர் அந்தப் புறம் ஆக்கிவிட்டார். படிக்கிறவர்களும் குளத்தைச் சுற்றக் கூடாதே என்று உள்ளே இருந்ததை மட்டும் நான் பழையபடி மாற்றிவிட்டேன். தலைப்பை அவர் திருத்தியபடியே விட்டுவிட்டேன். புத்தகத்தை யாராவது கொண்டுவந்து நீட்டினால் அவர் முதலில் பார்ப்பது தலைப்பைத்தான். அதில் பிழை இல்லை என்றால் மேலே படிக்க மாட்டார்.